ஞாயிற்றுக்கிழமைக் கெர்னல்

எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கோ அவர்களுடைய சாக்கடையைக் கண்டால் குமட்டும். நீர்த்தரக் காப்பகத்தில் ஆய்வாளர் என்று பெயருக்கு ஒரு பதவி இருந்தாலும், அரசாங்கம் இத்தனை வருடமாக எனக்குச் சம்பளம் கொடுத்தது அந்தக் குமட்டலுக்குத்தான் என்று நம்புகிறேன். அளக்கும் கருவி எல்லா ஆய்வாளர்களிடமும் இருந்தது. பட்டறைக்குள் கால் வைத்ததுமே மூக்கைச் சுளித்துக்கொண்டு, "மேல இருக்கிற தொட்டியக் காட்டாதீங்க, பின்னால பொதைச்சு வெச்சிருக்கிற கொழாயக் காட்டுங்க" என்று கேட்கிற வயிறு என்னிடம் மட்டும்தான் இருந்தது.

வீட்டிலும் நான் அப்படித்தான். டம்ளரில் முட்டை வாடை அடித்தால் திருப்பி அனுப்புவேன். கல்யாண வீட்டில் இலை துடைக்கிற துணியைப் பார்த்துவிட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்திருக்கிறேன். எச்சில் என்றால் எனக்கு உயிரே போய்விடும். கட்டிய மனைவி கடித்த மாம்பழத்தைக்கூட நான் வாயில் வைத்ததில்லை. "உங்களுக்குப் பொண்ணு குடுத்தப்பவே கூட ஒரு ஆய்வுக்கூடமும் சேத்துக் குடுத்திருக்கோணும்" என்பாள் என் மனைவி கோகிலவாணி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் வருத்தமும் இருந்ததை நான் அப்போது கண்டுகொள்ளவில்லை.

போன வருடம் எனக்குப் பக்கவாதம் வந்தது. மூளையில் ஒரு துண்டு செத்துப்போனது. இந்தக் காலத்தில் அதற்காக யாரும் படுக்கையில் கிடப்பதில்லை. காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு துணைமூளையை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். செத்த துண்டு பார்த்துவந்த வேலைகளை அது எடுத்துக்கொள்ளும். இடது கையை அசைப்பது, ருசி பார்ப்பது, பசி, கூச்சம், வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கவனிப்பது எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி நிரல்துண்டு, மாட்யூல் என்பார்கள், உண்டு.

இந்த மாட்யூல்களையெல்லாம் கட்டி மேய்ப்பதற்கென்று, அதைச் செய்த கம்பெனி கூடவே கொடுத்த கெர்னல் இருக்கிறதே, அது ஓர் அசிங்கம். யாருக்கு எது தேவைப்படும் என்று பார்க்காமல் உலகத்தில் உள்ள அத்தனையையும் உள்ளே திணித்து வைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் எப்போதும் சுடும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் வார்த்தை நின்றுவிடும். எதிரில் இருப்பவர் நான் அழப்போகிறேன் என்று நினைத்துத் தோளில் தட்டுவார். ஒரு நாள் காலையில் என்னைக் கேட்காமலே அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அன்றைக்கு முழுவதும் காபி சோப்புத் தண்ணீராக ருசித்தது. உதவி எண்ணில் கூப்பிட்டால், "உங்கள் ருசி எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பெண்குரல் சொல்லிவிட்டு நாதஸ்வரம் வாசித்தது.

"என்ற புருசனுக்குள்ள பூந்து எவனோ வேலை பண்றான், கேக்கறதுக்கு ஆளில்ல" என்றாள் கோகிலா. அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "நானே கட்டறேன்."

சும்மா வீம்புக்குச் சொன்னதில்லை. பால் குளிரூட்டும் நிலையங்களில் ஓடுகிற இயந்திரங்களுக்குக் கெர்னல் கட்டிக் கொடுப்பதுதான் அவளுடைய பிழைப்பு. உடம்புக்குள் இருக்கும் கருவியில், உடம்புக்குச் சொந்தக்காரர் சொந்தமாகக் கட்டிய கெர்னலை ஓட்டிக்கொள்ளலாம் என்று சட்டமும் வந்திருந்தது. மூலநிரல் பொதுவில் கிடைத்தது. அதை இறக்கிக்கொண்டு, தேவையானதைச் சேர்த்து, வேண்டாததை வெட்டி, தன் கையாலேயே கட்டலாம்.

"இந்தக் கெர்னல்ங்கிறது என்னதான் கோகிலா?" என்று கேட்டேன்.

"இந்த வீட்டுல நான் பண்றனே, அதானுங்க. யாருக்கு எப்பத் தண்ணி, யாரு கூப்பிட்டா யாரு எந்திரிக்கோணும், யாரு யாரு ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு பாத்துக்கிறது. மத்தவங்கெல்லாம் என்னமோ தானா நடக்குதுன்னு நெனச்சுட்டிருப்பீங்க. நான் ஒரு நாளு படுத்தாத்தான் தெரியும்."

கட்டுவதற்கு முன்னால் அது கேள்வி கேட்கும். இந்த மாட்யூல் வேண்டுமா, வேண்டாமா, இல்லை தேவைப்படும்போது மட்டும் எழுப்பிக்கொள்ளவா என்று ஆயிரக்கணக்கில் கேட்டுக்கொண்டே போகும். எல்லாக் கேள்விக்கும் யோசித்துப் பதில் சொல்கிறவர் உலகத்தில் யாரும் கிடையாதாம். அதற்கு அந்தத் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கருவியையே வேவு பார்ப்பார்கள். எந்த மாட்யூல் எழுந்து வேலை செய்கிறதோ அதை வைத்துக்கொள்வார்கள். தூங்கிக்கொண்டே கிடப்பதை வெட்டிவிடுவார்கள்.

"ஒரு மாசம் எது எது எந்திரிக்குதுன்னு அதுவே குறிச்சுக்கட்டும்" என்றாள். "எந்திரிக்காதது நமக்கு எதுக்கு?"

"ஏதாச்சும் முக்கியமானது விட்டுப்போயிட்டா?"

"அது எல்லாரும் பண்றதுதானுங்க. பிரிண்டர மாட்டாமயே வேவு பாத்துக் கட்டிட்டு, அப்பறம் பிரிண்டரு ஓடலையேன்னு தலையில கை வெச்சுட்டு உக்காருவாங்க. போனாப் போகுது, மறுபடி கட்டிக்கலாம்."

அந்த ஒரு மாதம் அவள் என்னைப் பார்த்துக்கொண்டது மாதிரி எந்தத் தாயும் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டாள். வீட்டைத் தினமும் துடைத்தாள். படுக்கை விரிப்பைத் தினமும் மாற்றினாள். ராகிக் கஞ்சியைத்தான் கொடுத்தாள், அதையும் வடிகட்டிக் கொடுத்தாள். எனக்குக் கோபம் வரும் என்று செய்தித்தாளை நிறுத்தினாள். என் அலுவலகத்தில் நீர் மாதிரிகளைச் சோதிக்கும் ஷகிலா ஒரு நாள் ஏதோ குளத்தில் மீன் செத்து மிதக்கிறது என்று சொல்ல வந்தபோது, "அவரு நல்லாகட்டும் கண்ணு, அப்பறம் சொல்லிக்கலாம்" என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள். கெட்ட வாடையோ கெட்ட சேதியோ என் பக்கத்தில் வரவே இல்லை.

மாதக் கடைசியில் கெர்னல் தயாரானது. ஏற்றி, மறுதொடக்கம் செய்தாள். காதுக்குப் பின்னால் சட்டென்று குளிர்ந்தது. வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. அவள் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டேன். உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். நான் சந்தோஷமாக இருந்தேன். மோரில் ஈ விழுந்தால் ஈயை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். ஊறுகாய் ஜாடியில் மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் ஒதுக்கிவிட்டு அடியில் இருந்ததைப் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றேன். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் வழியே துப்பியது காற்றில் திரும்பி என் கையில் விழுந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு அவரிடம் ஊர் விசாரித்தேன். இதையெல்லாம் எழுதும்போது இரண்டு தரம் எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

கோகிலாவுக்கு அது நல்ல காலம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவள் பாதி கடித்த அதிரசத்தை வாங்கி நான் மீதியைத் தின்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படி ஒரு மனுசங்கூட ஒரு நாளாச்சும் வாழ்ந்து பாக்கோணும்னு இருந்துச்சுங்க" என்றாள்.

வேலைக்குத் திரும்பினேன். செங்கோட்டுவேலின் பட்டறைக்குத்தான் முதல் ஆய்வு. அவர் எப்போதும் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக இருப்பார். சாயக்காரர் மேல் ஒரு சொட்டுச் சாயம் பட்டு யாரும் பார்த்ததில்லை. மாகாளிக் குளத்துக்குக் கழிவுநீரை விடுவதற்கு அவர் ரொம்ப நாளாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். நானும் ரொம்ப நாளாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குளத்து ஊற்றில்தான் சுற்றியிருக்கிற அத்தனை வீட்டுக் கிணறுகளும் நிறைகின்றன.

குழாயில் வந்த தண்ணீர் காபி டிகாஷன் மாதிரி இருந்தது. மேலே நுரை. கருவி காட்டிய எண் வரம்புக்கு மேலே இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. எண் தெரிந்தது, வரம்பு தெரிந்தது, குளம் தெரிந்தது, கிணறு தெரிந்தது. எதுவுமே மறந்துபோகவில்லை. ஆனால் ஓர் எண்ணைப் பார்த்து யாருக்கும் வயிறு புரட்டுவதில்லை.

"எல்லைக்கோட்டுலதானுங்க இருக்குது" என்றார் செங்கோட்டுவேல். "நீங்க மனசு வெச்சா ஆயிரங் குடும்பம் பொழைக்குமுங்க."

அவர் ஒரு பைசா கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்கூட நான் செய்த காரியத்துக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். அவருடைய அறையில் உட்கார்ந்து காபி குடித்தேன். வீட்டில் மனைவி கட்டிய கெர்னலைப் பற்றிப் பெருமையடித்தேன். அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு மாத வெள்ளோட்டத்துக்கு அனுமதி என்று கையெழுத்துப் போட்டேன். அது முடிந்ததும் குழாயை நிரந்தரமாகத் திறந்துகொள்ளலாம்.

ஒரு நாள் மத்தியானம் ஷகிலா வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள். உள்ளே இருந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

"மாகாளிக் கொளத்து மேட்டுல ஒரு வீட்டுக் கெணறு சார். இதுல இருந்துதான் அந்தம்மா கைக்குழந்தைக்குக் கஞ்சி காச்சுறாங்க. குழந்தைக்கு நிக்காம போவுது. நீங்க ஒரு தடவ மோந்து பாருங்க சார், போதும். வேற எதும் நான் சொல்லல."

மூடியைத் திறந்து முகர்ந்தேன். அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. வாடை தெரிந்தது, அது என்னை ஒன்றும் செய்யவில்லை. விருந்தாளி ஆசையாகக் கொண்டுவந்து நீட்டினால் வேண்டாம் என்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. டம்ளரில் ஊற்றிக் குடித்தேன்.

"கொஞ்சம் பழசா இருக்குது. மத்தபடி ஒண்ணுமில்லையே" என்றேன்.

ஷகிலா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கோகிலா மடிக்கணினியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம்.

"அருவருப்பு இல்லீங்க" என்றாள்.

"என்னது?"

"அருவருப்புக்குன்னு ஒரு மாட்யூல் இருக்குது. அந்த மாசம் அது ஒருக்காக்கூட எந்திரிக்கல. எந்திரிக்காததையெல்லாம் வெட்டினப்ப அதுவும் போயிருச்சு." மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "அது எந்திரிக்கறாப்பல நான் எதையும் உங்க கிட்ட வர விடலீங்க. அவ்வளவு சுத்தமா வெச்சிருந்தேன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "போனாப் போகுது விடு. அது இருந்து நான் என்னத்தக் கிழிச்சேன்? பாதி ஊருக்குப் பகை, உனக்கு நிம்மதியில்ல."

"திருப்பிச் சேத்துக் கட்டிரட்டுங்களா?"

"வேண்டாம்."

"அந்தக் கொழந்தை..."

"தப்புத்தான். எனக்குத் தெரியுது கோகிலா. ரத்து பண்ணோணும். பண்ணலாம், இப்ப என்ன அவசரம்?"

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள் அவள். "அதுதானுங்க பயமா இருக்குது."

தப்பு என்று தெரிவதற்கும் எழுந்து போவதற்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அது மூளையில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. அது இல்லாதவனுக்கு அது இல்லை என்பதும் உறைக்காது. தினமும் காலையில் ரத்து செய்ய வேண்டும் என்று நினைவு வரும். பல் தேய்க்க வேண்டும் என்பதும் கூடவே நினைவு வரும். பல் தேய்த்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவேன். கோகிலா தினமும் கேட்டாள். நான் தினமும் வேண்டாம் என்றேன். உடம்புக்குச் சொந்தக்காரன் சம்மதிக்காமல் அதில் எதையும் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அதைத்தான் அந்தக் கம்பெனி மீறுகிறது என்று கத்தியவள் அவள்.

வெள்ளோட்டம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, நான் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, அவள் கேட்காமலே ஏற்றிவிட்டாள்.

விழித்துக்கொண்டபோது என் தலை அவள் மடியில் இருந்தது. அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று தலைக்குக் குளித்திருந்தாள் போல, கூந்தலில் சீயக்காய் வாசம். முதலில் அந்த இளஞ்சிவப்புத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. பிறகு ஈ, ஊறுகாய், பேருந்தில் கையில் விழுந்த எச்சில், குழாயில் வந்த நுரை, அந்த அறையில் நான் நிதானமாக உறிஞ்சிக் குடித்த காபி, என் கையெழுத்து. எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் மேலே வந்தன. வாந்தி எடுத்தேன். அவள் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், முதுகைத் தடவிக் கொடுத்தாள், தன் புடவையிலேயே ஏந்திக்கொண்டாள். எடுக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் என்னை விடவே இல்லை.

அதுதான் வினையாகிப்போனது.

ஆனால் அன்று அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் அலுவலகத்துக்கு ஓடினேன். அனுமதியை ரத்து செய்தேன். ஷகிலாவையும் இரண்டு காவலர்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் செங்கோட்டுவேலின் குழாய்க்கு அரக்கு முத்திரை வைத்தேன். வைக்கும்போதே வேலியோரம் போய் இன்னொரு தரம் வாந்தி எடுத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை.

"போன தடவ வந்தப்ப நல்லாத்தானுங்க இருந்தீங்க" என்றார்.

"இப்பத்தான் நல்லா இருக்கேன்."

"ஏனுங், வீட்டம்மா கட்டினாங்கன்னு சொன்னீங்களே ஒரு கெர்னலு, அது ஒண்ணு கெடைக்குங்களா? கசடுத் தொட்டியில எறங்கற பசங்க ஒரே வாந்தி. வேலைக்கே நிக்க மாட்டீங்கறானுங்க. இப்பெல்லாம் நல்லாருக்கிறவங்களுக்கும் அந்தச் சிப்ப வெக்கறாங்களாமா. செலவ நான் பாத்துக்கறனுங்க. அவங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

அந்தச் சலவை வேட்டியைப் பார்த்தேன். அந்தப் பட்டறையிலேயே அழுக்கான பொருள் அதுதான் என்று தோன்றியது. அரக்கு முத்திரையை இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தேன். கோகிலா கதவைத் திறந்தாள். சீயக்காய் வாசம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். குமட்டியது.

எனக்குத் துணைமூளை வைத்த டாக்டர் இம்மானுவேல் இதைக் கேட்டுவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காமாலை வந்த அன்னைக்கு உப்புமா சாப்பிட்டு வாந்தி எடுத்தவரு, அப்புறம் வாழ்க்கையிலேயே உப்புமாவத் தொட மாட்டாரு. உப்புமா மேல தப்பில்லைன்னு அவருக்கும் தெரியும். வயித்துக்குத் தெரியாது. உங்களுக்குப் புதுசா ஏத்தின மாட்யூலுக்குப் பழக்கம்னு எதுவுமே இல்ல. மொதல் மொதலா எந்திரிச்சப்போ எதைப் பார்த்துச்சோ அதோட ஒட்டிக்கிட்டுது."

"மாறுங்களா?" என்றாள் கோகிலா. அவள் அறையின் அந்தக் கோடியில், கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"மாறலாம். மாறாமலும் போகலாம். வெட்டி எடுத்துட்டு மறுபடி ஏத்தினாலும் மூளை பழசை மறக்காது."

அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அவள் செய்திருக்காவிட்டால் அந்தக் குளம் செத்திருக்கும். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும், நான் தூங்கும்போது என் தலைக்குள் கை விட்டவள் என்பதும் எனக்குத் தெரியும். குமட்டல் அந்தக் கோபத்தினால் வந்ததா, சீயக்காயினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் கொண்டுவந்து வைத்த தட்டை நான் தொடவில்லை. அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. நல்ல மனுஷியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் புருஷன் நான். என்னை நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

சில வாரங்கள் இப்படியே போயின. ஒரு நாள் அவள் கூடத்துக்கு வெளியே நின்றுகொண்டு பேசினாள்.

"எங்க தொழில்ல பழைய கெர்னல யாரும் அழிக்க மாட்டாங்க. புதுசு எந்திரிக்கலீன்னா திரும்பிப் போகோணுமில்லீங்களா. அதனால ரெண்டும் உள்ள இருக்கும். எதுல எந்திரிக்கிறதுன்னு ஆரம்பிக்கறப்பக் கேக்கும், நம்ம சொல்லிக்கலாம்." புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "ஞாயித்துக்கெழம மட்டும் அருவருப்பு இல்லாத அந்தப் பழசுல வாங்களேன். ஆபீசு இல்ல. கையெழுத்து இல்ல. ஒரு நாளுதானுங்க. இந்தத் தடவை கேக்காமச் செய்ய மாட்டேன். அதான் கேக்கறேன்."

இப்படி ஒன்றைக் கேட்கும் நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்தேனே என்று வெட்கமாக இருந்தது. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாக இருந்தன. பழைய கெர்னலில் எழுந்திருப்பேன், காது குளிர்ந்துபோகும், அவள் அருகில் வந்து உட்காருவாள். ஒரே தட்டில் சாப்பிடுவோம். என் தோளில் சாய்ந்துகொண்டு வாரம் முழுவதும் சேர்த்து வைத்ததைப் பேசுவாள். திங்கட்கிழமை காலையில் நான் மாறுவதற்கு முன்னால் அவளே எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். பிறகு நான் கழுவுதொட்டிக்கு ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். முந்தின நாள் உண்டது, தொட்டது, முத்தமிட்டது எல்லாம் அப்போது நினைவுக்கு வரும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

நேற்று, சனிக்கிழமை காலை, கைப்பேசி அடித்தது. செங்கோட்டுவேல்.

"ஏனுங் சார், நாளைக்கு வீட்டுல இருப்பீங்களல்லங்க?"

"எதுக்கு?"

"ஞாயித்துக்கெழமதானுங்க உங்ககூடப் பேச நல்லாருக்குது. போன வாரம் வந்தப்பக்கூட நல்லாக் கவனிச்சீங்க. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. நீங்களே எந்திரிச்சுப் போயிக் காபி வெச்சுக் குடுத்தீங்க. காயிதம் கொண்டாரட்டுங்களான்னு கேட்டதுக்கு, அடுத்த வாரம் கொண்டாங்க, பாத்துக்கலாம்னு சொன்னீங்களே."

சொல்லியிருந்தேன். அவர் சொன்ன பிறகு எல்லாம் நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் அவள் தொட்ட இடத்தையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவனுக்கு, இவன் வந்து போனது மட்டும் நினைவில் தட்டுப்படவே இல்லை. கைப்பேசியைத் துண்டித்துவிட்டு அதை வேட்டியில் துடைத்தேன்.

கோகிலாவைக் கூப்பிட்டேன். அவள் வழக்கம்போல நிலைப்படியோடு நின்றுகொண்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"பழசு இருக்கக் கூடாது. அழிச்சிரு" என்றேன்.

"நான் கூடவே இருக்கறனுங்க" என்றாள். "கோயிலுக்குப் போகல. கதவத் தாப்பாப் போட்டுக்கலாம். போன அணைச்சு வெச்சுக்கலாம்."

"எத்தன நாளைக்கு? இவன் இல்லீன்னா இன்னொருத்தன் வருவான். ஞாயித்துக்கெழம எனக்குள்ள எந்திரிக்கிற அந்த ஆளு கதவத் தெறந்து விடுவான் கோகிலா. யாரு வந்தாலும் காபி வெச்சுக் குடுப்பான். அவன் நல்லவன் இல்ல. சந்தோசமா இருக்கிறவன், அவ்வளவுதான்."

"அந்த ஆளுதானுங்க என்னையத் தொடறாரு" என்றாள்.

உள்ளே போய் மடிக்கணினியைக் கொண்டுவந்து கூடத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். தட்டினாள். அழிக்கவா என்று அது கேட்டிருக்க வேண்டும்; இன்னொரு முறை தட்டினாள்.

"கெர்னல மட்டும் அழிச்சாப் பத்தாதுங்க" என்றாள் தலையை நிமிர்த்தாமல். "நான் வெட்டி வெச்ச மூலநிரலு இருந்தா எனக்கே என்னிக்காச்சும் மறுபடி கட்டோணும்னு தோணும். அந்தச் சாயக்காரன் வேற தொட்டிப் பசங்களுக்குன்னு கேட்டானில்ல. அதையும் அழிச்சிர்றேன்."

மறுபடியும் தட்டினாள். முடிந்ததும் மடிக்கணினியை மூடினாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் செங்கோட்டுவேல் கையில் கோப்போடு வந்தார். வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போனார். கோகிலா எனக்குச் சோறு வைத்து மூடிவிட்டு உள்ளே போனாள். வாரம் முழுவதும் அவள் அடுப்படியில் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். இன்றைக்கும் அங்கேதான் சாப்பிட்டாள். மெல்லுகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.